தேனாம்பேட்டையில் ஒரு மீன்கூடை

அண்ணா சாலையின் இரைச்சலை விட்டுத் தேனாம்பேட்டையின் கிளைத் தெரு ஒன்றில் திரும்புங்கள். அங்குள்ள சிறிய பழம்பொருள் கடையில் சென்ற மாதம் நான் கண்டது ஒரு மீன்கூடை. வில்லோ மரத்தின் மெல்லிய குச்சிகளால் பின்னப்பட்டு, விளிம்புகளில் தோல் தைத்து, தோள்வார் பூட்டப்பெற்றது. மூடியின் நடுவே ஒரு துளை. பிடித்த மீனை மூடியைத் திறவாமலே உள்ளே இடுவதற்கு. அடியில் ஈரப்பாசி அல்லது புல்லைப் பரப்புவர். பின்னலின் இடைவெளிகளில் காற்று புகுந்து ஈரம் ஆவியாக, மீன் குளிர்ந்திருக்கும்.

இக்கூடைக்கும் நம் மாநிலத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். சென்னை மாகாண அதிகாரியாயிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் மீன்பிடி பற்றி 1873இல் ஒரு நூலே வெளியிட்டார். பின்னர் 1907இல் நீலகிரியின் அவலாஞ்சியில் டிரவுட் மீன் பொரிப்பகம் அமைந்தது. அந்நீரோடைகளுக்குச் சென்ற துரைமார்களின் தோள்களில் இத்தகைய கூடைகள் தொங்கியிருக்கும்.

இன்று மேல்நாட்டார் இவற்றைத் தேடிச் சேகரிக்கின்றனர். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரில் ஜார்ஜ் லாரன்ஸ் நிறுவனம் தோல் பூட்டி விற்ற கூடைகளுக்குத் தனி மதிப்பு. தோலில் முத்திரை உண்டா, தையல் அறாதிருக்கிறதா, குச்சியைப் பூச்சி துளைத்ததா என்று பார்த்தே வாங்குவர். நம் சென்னையின் ஈரக்காற்றில் தோல் பூசணம் பிடிக்கும். காற்றோட்டமான இடம் வேண்டும்.

கடைக்காரர் சொன்ன விலை என் ஒரு மாத ஊதியம். "பனையோலைப் பறி ஏதேனும் வருவதுண்டா?" என்றேன். அவர் சிரித்தார். "அதை யார் பாய் வைத்திருப்பார்கள்? கிழிந்தால் அடுப்புக்குத்தான்."

அச்சொல் என்னைச் சுட்டது. என் நன்னா மீன் வாங்கிவரும் ஓலைப்பறி, அவர் மறைந்த பின்னும் எங்கள் அடுக்களை ஆணியில் தொங்கியது. பட்டம் பெற்ற பெருமையில், விருந்தினர் வரும் நாளொன்றில், அதை அடுப்பிலிட்டவன் நானே. உம்மா ஒன்றும் சொல்லவில்லை. அன்று அவர் சரியாக உண்ணவுமில்லை.

துரையின் கூடைக்குத் தோலும் விலையும் உண்டு. நன்னாவின் பறிக்கு நினைவு மட்டுமே. கூடையை வாங்காமல் திரும்பினேன். விடுமுறையில் இன்ஷா அல்லாஹ் கீழக்கரை செல்வேன். ஓலை பின்னத் தெரிந்த என் சாச்சி அங்கிருக்கிறார். ஒரு பறி பின்னித் தரச் சொல்லி, அது உருவாகும் விதத்தையும் கற்றுவந்து மாணவர்களுக்குக் காட்டுவேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கொட்டானோ பறியோ இருக்கலாம். எறியுமுன், பின்னியவர் யாரென்று வீட்டுப் பெரியவர்களிடம் ஒருமுறை கேளுங்கள்.