அலைக்கு முன்னால் இருந்த அன்பு

காதல் கதையாக இருக்க வேண்டும், பிரம்மாண்டமாகவும் இருக்க வேண்டும், கடைசியில் கண் கலங்க வேண்டும், அப்படி ஒரு படம் சொல்லுங்கள் என்று இளையவர்கள் கேட்டால் நான் சொல்வது 'கயல்'. பிரபு சாலமன் இயக்கத்தில், இமான் இசையில் 2014 டிசம்பரில் வந்த படம். உலகமே கொண்டாடிய 'டைட்டானிக்'கையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் 2004இல் நம் கரையில் அடித்த சுனாமி அலையை நம் மொழியில் முதலில் பார்த்துவிடுங்கள்.

வேலை செய்து காசு சேர்ப்பது, பிறகு ஊர் சுற்றக் கிளம்புவது என்று வாழும் நண்பர்கள் ஆரோனும் சாக்ரடீஸும். வீட்டைவிட்டுக் கிளம்பிய ஒரு காதல் ஜோடிக்கு உதவப் போய், பெண் வீட்டாரிடம் மாட்டிக்கொள்கிறார்கள். அந்தப் பெரிய வீட்டில் வேலை செய்யும் பெண்தான் கயல்விழி. அவளுக்கும் ஆரோனுக்கும் அங்கேதான் மனசு ஒட்டுகிறது. அவன் கன்னியாகுமரி போகிறான் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அதை நம்பித் தேடிப் புறப்படுகிறாள். ஆரோனாகச் சந்திரனும் கயல்விழியாக ஆனந்தியும் நடித்ததுபோலத் தெரியாமல் நடித்திருப்பார்கள். முடிவை நான் சொல்லப் போவதில்லை.

அந்தச் சுனாமி, படத்தின் கடைசிப் பகுதியில்தான் வருகிறது. "அலை எப்போ வரும்?" என்று செல்போன் திரையை விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பவர்களைக் கண்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிப் பார்க்காதீர்கள். நடையும் சிரிப்பும் பொழுதுபோகாத பேச்சுமாகப் போகும் முன்பகுதி சில இடங்களில் இழுவைதான். இருந்தாலும் அதைப் பொறுமையாகப் பார்த்தவருக்குத்தான் அந்த அலை யாரை அடிக்கிறது என்று தெரியும்.

டைட்டானிக் பார்ப்பவர்களும் இப்படித்தான். எல்லாரும் காதலர்கள் ஜாக்கையும் ரோஸையும்தான் பார்க்கிறார்கள். அறைக்குள் தண்ணீர் ஏற ஏற, கட்டிலில் அணைத்தபடி படுத்திருக்கும் முதிய தம்பதி சில விநாடிகள்தான் வருவார்கள். இசிடோர் ஸ்ட்ராஸ், ஐடா என்ற நிஜத் தம்பதியை நினைத்து எடுத்த காட்சி அது. 1912 ஏப்ரல் 15 அதிகாலை, கப்பல் மூழ்கும்போது உயிர்காக்கும் படகில் இடம் கிடைத்தும் கணவரை விட்டு ஏற மறுத்தார் ஐடா. தன் மேல்கோட்டைப் பணிப்பெண்ணிடம் கொடுத்து அவளைப் படகில் ஏற்றிவிட்டு, கணவர் பக்கத்திலேயே நின்றார். அவர்களுக்குக் கல்யாணம் நடந்தது 1871இல். நாற்பது ஆண்டுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்த பெண்மணிக்கு அந்த இரவில் புதிதாக முடிவெடுக்க என்ன இருந்தது?

ஒரு கணத்துக்குப் பின்னால் நெடுங்காலம் இருக்கிறது என்பதை எங்கள் திருவண்ணாமலைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கார்த்திகை தீபத்தன்று மாலை, மலைமேல் தீபம் ஏற்றும் நேரத்தில் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து காட்சி கொடுப்பார். ஆண்டுக்கு ஒரே முறை, சில நிமிடம். ஆனால் சிவனின் உடலில் அந்தப் பாதியைப் பெற அம்மை இங்கே தவம் இருந்ததாகத்தான் தலபுராணம் சொல்கிறது. பார்க்கக் கிடைப்பது கொஞ்ச நேரம், அதற்கு முன்னால் இருந்தது நெடுந்தவம்.

சினிமாவில் ஆபத்து வருவதற்கு முன் இசை மாறிவிடும். வீட்டில் மாறாது. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சுமத்ரா அருகே கடலடி நிலம் நடுங்கியது. அலை நம் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆனாலும் கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் வந்தது 2007இல்தான்.

எங்கள் ஊரிலும் ஒரு டிசம்பர் ஞாயிறு உண்டு. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழை விடாமல் கொட்டிய நாள். மலையடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள், அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். நாங்கள் கடவுளாகக் கும்பிடும் மலைதான் அது.

இந்த வயதில் எனக்குத் தோன்றுவது இதுதான். ஆபத்து நேரத்தில் அன்பு புதிதாகப் பிறப்பதில்லை. சாதாரண செவ்வாய்க்கிழமையில் சாப்பிட்டாயா என்று கேட்டவன்தான் வெள்ளத்திலும் கையைப் பிடிப்பான். மழை எச்சரிக்கை வந்ததும் "வா, வேறிடம் போவோம்" என்று வீட்டாரைக் கிளப்பிக்கொண்டு போவதும் அன்புதான். உனக்காகச் சாவேன் என்று வசனம் பேசுவதைவிட அது பெரிது.

ஆகவே, கல்யாணம் ஆனவர்கள் சேர்ந்து உட்கார்ந்து 'கயல்' பாருங்கள், ஆகாதவர்கள் பெற்றோருடன் பாருங்கள். முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு படுக்கப் போய்விடாதீர்கள். யாரோடு பேச்சுவார்த்தை நின்று போயிருக்கிறதோ, அவரிடம் அன்றிரவே பேசிவிடுங்கள்.