பானெட்டுக்குள் ஒரு உப்பளம்

மக்களே, ஒரு கேள்வி. உங்க வீட்டு கார்ல கண்ணாடிக்குத் தண்ணி பீய்ச்சுற டேங்கைக் கடைசியா எப்போ கழுவினீங்க? "அப்படி ஒரு டேங்க் இருக்கா?"ன்னு கேட்டா நீங்க நம்ம கட்சி. போன ஐப்பசி வரைக்கும் நானும் அப்படித்தான்.

திருச்செந்தூர் ரோடு, முள்ளக்காடு பக்கம். சாயங்காலம். நான் ஓட்டுறேன், அப்பா பக்கத்துல. லைசென்ஸ் வாங்கி ரெண்டே மாசம். அப்பதான் மழை விட்டிருந்தது. எதிரே வந்த உப்பு லாரி பள்ளத்துல இறங்கி, கண்ணாடி முழுக்கச் சேறடிச்சிட்டுப் போயிருச்சு. லீவரை இழுத்தேன். மோட்டார் 'ஙொய்ங்'னு கத்துது, தண்ணி வரல. வைப்பர் அந்தச் சேற்றை இழுத்து அழகா மெழுகிருச்சு. எதிர்ல ரெண்டு வெளிச்சம் மட்டும் தெரியுது, எவ்வளவு தூரத்துலன்னு தெரியல. அப்பா ஜன்னல் வழியா தலையை நீட்டி, "இடது பக்கம் ஒடிலே... மெதுவா... நிறுத்து"ன்னு சொல்லச் சொல்ல ஓரங்கட்டினேன். கை நடுக்கம் நிற்க ரொம்ப நேரமாச்சு. ஏன்னா, அந்த டேங்க்ல தண்ணி ஊத்துறது என் பொறுப்பு. நான் ஊத்தினது போர் தண்ணியும் கொஞ்சம் துணி சோப்புக் கரைசலும்.

முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப் ஞாபகம் இருக்கா? ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷன், ஒயின் சிவப்பு நீலமா மாறுமே? அந்தக் கடினத்தன்மைதான் இங்க வில்லன். உப்பளத்துல கடல்தண்ணி வத்தும்போது முதல்ல கால்சியம் கார்பனேட் படியும், அப்புறம் ஜிப்சம். பாமே அளவு 25 பக்கம் வந்த பிறகுதான் நம்ம உப்பு விளையும். வெயில்ல காயுற பானெட் மேல இருக்கிற நாசிலும் ஒரு குட்டிப் பாத்திதான். நுனியில தங்குற சொட்டு ஒவ்வொண்ணும் வத்தும், சுண்ணாம்பை விட்டுட்டுப் போகும். ஊசித்துளை அடைபட அது போதும். சோப்பு வேற கடினத் தண்ணியோட சேர்ந்து ஏடு மாதிரி திரிஞ்சு, பம்ப் அடியில இருக்கிற சல்லடையை மூடிரும்.

சரி பண்றது கஷ்டமில்ல. நாசில்ல மாட்டியிருக்கிற ஹோஸைக் கழட்டிட்டு லீவரை இழுங்க. ஹோஸ்ல தண்ணி வேகமா வந்தா அடைப்பு நாசில்ல. வரலைன்னா சல்லடை, பம்ப், இல்ல நடுவுல ஹோஸ். நாசிலைத் தனியா எடுத்து, பாதி வெள்ளை வினிகர் பாதி தண்ணியில ஊறப் போடுங்க, சுண்ணாம்பு கரையும். அப்புறம் நல்ல தண்ணியில அலசி, வெளிநுனியில இருந்து உள்பக்கமா ஊதுங்க. குண்டூசி விட்டுக் குத்தாதீங்க. துளை பெருசானா தண்ணி கண்ணாடிக்குப் பதிலா பின்னாடி வர்ற பைக்காரர் மேல விழும். டேங்கை முழுசா காலி பண்ணி, வழவழப்பு போற வரைக்கும் அலசுங்க. தண்ணி இல்லாம மோட்டாரை ஓட விடாதீங்க. அதுக்குக் குளிர்ச்சியே அந்தத் தண்ணிதான்.

திரும்ப ஊத்த, பேட்டரிக்கு ஊத்துற டிஸ்டில்டு வாட்டர் நல்லது. ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ளுற தண்ணியை மிச்சம் பிடிக்கிறேன்னு இதுல ஊத்தாதீங்க. வடிகட்டின உப்பெல்லாம் அதுலதான் இருக்கு. கூடவே வாஷர் லிக்விட், பாட்டில்ல போட்ட அளவுக்கு. அது வெறும் வாசனைக்கு இல்ல. நிமோனியா வரவழைக்கிற லெஜியோனெல்லா பாக்டீரியா 20 முதல் 45 டிகிரி வரை தேங்கின தண்ணியில வளரும். நுண்துளியோட மூச்சுல போகும். இங்கிலாந்து, வேல்ஸ்ல நடந்து 2010ல வெளியான ஆய்வு, லிக்விட் கலக்காம வெறும் தண்ணி ஊத்தின வண்டிகளுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்குன்னு சொல்லுச்சு. குளிர் நாட்டுலயே அப்படின்னா, நம்மூர் பானெட்டுக்குள்ள வெப்பம் எவ்வளவுன்னு யோசிச்சுக்கோங்க.

இப்போ நான் சாவியை எடுத்தாலே அப்பா வாசல்ல இருந்து, தெருவுக்கே கேக்குற மாதிரி கேக்குறார்: "ஏலே, தண்ணி அடிச்சுப் பாத்தியா?"

பக்கத்து வீட்டு அத்தை என்னை ஒரு மாதிரி பாக்குறாங்க. பரவாயில்ல. அடிச்சுப் பாத்துட்டுத்தான் கிளம்புறேன். நீங்களும் அடிச்சுப் பாருங்க.