வெட்டுமுகம்

யூலை 1, திங்கள்

தரம் 10 வகுப்பில் இன்று சவர்க்காரம் வெட்டினோம்.

வீட்டின் தளப்படத்தை எல்லாப் பிள்ளைகளும் கீறிவிடுகிறார்கள். சுவருக்கு இரட்டைக் கோடு, கதவுக்குக் கால்வட்டம், யன்னலுக்கு மெல்லிய கோடுகள். ஆனால் "இந்தப் படத்தை எங்கே நின்று பார்த்தனீங்கள்?" என்று கேட்டால் வகுப்பே சேர்ந்து "மேலே நின்று, ரீச்சர்" என்கிறது. மேலே நின்று பார்த்தால் கூரையல்லவா தெரியும்? யன்னல் எப்படித் தெரிந்தது, சுவரின் தடிப்பு எப்படித் தெரிந்தது? யாரிடமும் பதில் இல்லை.

அதனால் நேற்றிரவு சலவைச் சவர்க்காரக் கட்டி ஒன்றை அடியிலிருந்து கரண்டியால் குடைந்து, கதவும் யன்னலும் திறந்து, சின்ன வீடாக்கி வைத்திருந்தேன். அதை மேசையில் வைத்து, யன்னலின் நடு உயரத்தில் கத்தியைக் கிடையாக விட்டு அறுத்தேன். மேல்பாதியைத் தூக்கினதும் கீழே இருந்தது அவர்களுடைய கொப்பியில் இருந்த அதே படம். தளப்படம் என்பது நிலத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீற்றர் உயரத்தில் வீட்டைக் கிடையாக வெட்டிப் பார்ப்பது. அந்த வெட்டுக்கு மேலே இருக்கும் சின்னக் காற்றோட்ட யன்னலைத் தளப்படத்தில் காட்ட வேண்டுமானால் முறிகோடு போட வேண்டும். ஏன் என்று இன்றைக்குத்தான் அவர்களுக்கு விளங்கியது.

பிறகு இன்னொரு கட்டியை நிலைக்குத்தாக அறுத்தோம். பின்வாங்கில் எப்போதும் மௌனமாக இருக்கும் பையன் எழும்பி வந்து, வெட்டிய முகத்தை விரலால் தடவி, "அப்ப வெட்டுமுகத்தில அத்திவாரமும் வரும், ரீச்சர், நிலத்தையும் சேர்த்து வெட்டினபடியால்" என்றான். சவர்க்காரத்தில் அத்திவாரம் இல்லை. அவன் அதைத் தானாகக் கண்டான்.

யூலை 2, செவ்வாய்

முதற்கோண எறியம். முகப்புத் தோற்றத்துக்குக் கீழே தளத்தோற்றம். இடப்பக்கமிருந்து பார்த்தது வலப்பக்கத்தில் வரும். இதற்குப் பயிற்சியைத் தவிர வேறு வழியில்லை. வரைபலகைகள் போதவில்லை, இரண்டு பேருக்கு ஒன்று. ஒருவர் கீற மற்றவர் சரிபார்ப்பது என்று முறை வைத்தேன். அது பலகை நிறைய இருந்த காலத்தைவிட நன்றாகவே வேலை செய்கிறது.

யூலை 4, வியாழன்

ஓய்வறையில் பாடத்தெரிவு பற்றிய கதை. வடிவமைப்பும் நிர்மாணத் தொழினுட்பவியலும் சாதாரண தரத்தில் ஒரு தெரிவுப் பாடம். தெரிவு என்று பெயர்தானே ஒழிய, பிள்ளையைப் பார்த்து நாங்கள்தான் தெரிவுசெய்கிறோம். கணிதத்தில் 30 புள்ளி எடுக்கிறவன் என்றால் உடனே இந்த வகுப்புக்கு. "ஓ/எல் முடிய மேசனுக்குக் கல் எடுத்துக் குடுக்கப் போற பிள்ளையள்தானே" என்று ஒருவர் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதுதான் இன்னும் வருத்தம்.

கல் எடுத்துக் கொடுப்பதில் ஒரு குறைவும் இல்லை என்பது ஒரு பக்கம். மறுபக்கம், இந்தப் பாடம் கேட்கிற மூளை உழைப்பு அவருக்குத் தெரியவில்லை. இல்லாத வீட்டை மனதில் எழுப்பி, அதை மனதாலேயே வெட்டி, வெட்டிய முகத்தை 1:50 அளவிடையில் தாளில் இறக்குவது எந்தக் கேத்திரகணித நிறுவலுக்கும் குறைந்த வேலை அல்ல. கணிதத்தில் தோற்ற பிள்ளை இங்கே அதே கணிதத்தைச் செய்கிறது, அது எதற்கு என்று தெரிந்துகொண்டு.

உயர்தரத்தில் தொழினுட்பத் துறை 2013 இல் வந்தது. முதல் பரீட்சை 2015 இல். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொழினுட்ப பீடம் எங்கள் கிளிநொச்சியிலேயே, அறிவியல் நகரில் இருக்கிறது. பாதை திறந்துதான் கிடக்கிறது. தரம் 10 இல் "நீ இதுக்குத்தான் லாயக்கு" என்று சொல்லி அனுப்பிய பிள்ளை அந்தப் பாதையில் நடக்குமா என்பதுதான் என் கேள்வி.

யூலை 8, திங்கள்

மரவேலை. மலைவேம்புச் சட்டம் வந்து சேர்ந்தது. முதிரையும் பாலையும் வன்னியில் வளரும் மரங்கள்தான். ஆனால் பழகாத கைக்கு அவை உளியைத் திருப்பி அடிக்கும். பழக மலைவேம்பு போதும்.

சின்ன ஸ்ரூல் ஒன்றின் காலும் குறுக்குச் சட்டமும் பொருந்தும் இடம். துளையும் கழுந்தும். கழுந்தின் தடிப்பு சட்டத்தின் தடிப்பில் மூன்றில் ஒன்று. அதைவிடக் கூடினால் துளைக்கு இரு பக்கமும் மிஞ்சும் மரம் பிளக்கும், குறைந்தால் கழுந்தே முறியும். இதை நான் சொல்லவில்லை. மூன்று விதமாகச் செய்துவைத்த துண்டுகளைக் கொடுத்து, காலால் மிதித்து முறித்துப் பார்க்கச் சொன்னேன். எது எங்கே முறிந்தது என்று அவர்களே எழுதினார்கள்.

துளை வெட்டும்போது உளியைக் கோட்டின்மேல் வைக்கக் கூடாது. நடுவில் தொடங்கி, கோட்டுக்கு ஒரு மில்லிமீற்றர் இருக்கையில் நிறுத்தி, பாதி ஆழத்தில் மரத்தைத் திருப்பி மறுபக்கத்திலிருந்து வெட்டி, கடைசியில்தான் கோட்டுக்கு வரவேண்டும். அவசரக்காரப் பையன்கள் ஒரே பக்கமாக அடித்து இறக்க, அடிமுகம் சிலும்பிப் பெயர்ந்தது. வகுப்பில் இருக்கும் இரண்டு பெண்பிள்ளைகளில் ஒருத்தி மட்டும் பாதியில் நிறுத்தி மரத்தைத் திருப்பினாள். அவளுடைய கழுந்து கையால் தள்ளப் பாதிதூரம் போய், மிச்சத்துக்கு மரச்சுத்தியலின் இரண்டு தட்டு கேட்டது. அதுதான் சரியான இறுக்கம். அவள் இணைத்த துண்டைத் தூக்கிக் காட்ட, எல்லோரும் வந்து இழுத்துப் பார்த்தார்கள்.

யூலை 9, செவ்வாய்

பக்கத்து வீட்டு ஐயா, ஓய்வுபெற்ற ஆசிரியர், 1972 கல்விச் சீர்திருத்தக் காலத்துக் கதை சொன்னார். அப்போது முன்தொழிற் கல்வி என்று ஒரு பாடம் வந்தது; ஊரில் என்ன தொழில் இருக்கிறதோ அதையே பள்ளிக்கூடம் எடுத்து ஆராய வேண்டும். 1977 ஆட்சி மாற்றத்தோடு அது போய்விட்டது. "எங்கட பிள்ளையளைப் படிக்க விடாமல் தச்சுவேலைக்கு அனுப்பப் பாக்கினம் என்று பெற்றோர் பயந்தவை" என்றார். தொழிலைச் சாதியோடு சேர்த்தே பார்த்துப் பழகிய ஊரில் அந்தப் பயத்தை முட்டாள்தனம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. தச்சர் மகனுக்கு மட்டும் உளி என்றால் அது கல்வியே இல்லை. எல்லாப் பிள்ளையும் உளி பிடிக்க வேண்டும், எல்லாப் பிள்ளையும் படம் கீற வேண்டும்.

யூலை 12, வெள்ளி

இன்று வகுப்புக்கு ஒரு வீடு வந்தது.

கழுந்து செய்த அதே பிள்ளை தங்கள் வீட்டுத் தளப்படத்தைப் பொலித்தீன் உறையில் வைத்துக் கொண்டுவந்தாள். போருக்குப் பிந்திய இந்திய வீட்டுத்திட்டத்தில் கட்டிய வீடு. 50,000 வீட்டுத் திட்டம் என்பார்களே, அது. ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டங்கட்டமாக வங்கிக்கு வந்தது, வீட்டுக்காரரே நின்று கட்ட வேண்டியிருந்தது. அவளுடைய அம்மா மண் சுமந்து, கல் அடுக்கிக் கட்டியிருக்கிறார். "ஆனால் இந்தப் பேப்பரை அம்மாக்கு விளங்கேல்லையாம், ரீச்சர். மேசன் சொன்னபடி கட்டினதாம்." தாங்கள் கட்டும் வீட்டின் படத்தைத் தாங்களே வாசிக்க முடியாமல் எத்தனை குடும்பங்கள் அத்திவாரம் போட்டிருக்கும்! இந்தப் பாடம் எதற்கு என்று இனி யாராவது கேட்டால் அந்தப் பொலித்தீன் உறையைத்தான் காட்டுவேன்.

இப்போது அவர்களுக்குப் பின்பக்கம் ஒரு குசினி கட்ட வேண்டும். மேசன் 250 கல் கேட்டிருக்கிறார். அது சரியா என்று வகுப்பே பார்க்கட்டும் என்றேன்.

யூலை 15, திங்கள்

குசினி 3 மீற்றருக்கு 2.4. வீட்டுச் சுவர் ஒரு பக்கம் இருக்கிறது, ஆகவே கட்ட வேண்டியது மூன்று சுவர், மொத்தம் 7.8 மீற்றர் நீளம். உயரம் 2.4. பெருக்கினால் 18.72 சதுர மீற்றர். கதவையும் யன்னலையும் கழிக்க 15.75. சாந்தோடு சேர்த்து ஒரு சீமெந்துக் கல்லின் முகம் 400 க்கு 200 மில்லிமீற்றர், அதாவது சதுர மீற்றருக்குப் பன்னிரண்டரைக் கல். 197 கல் என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, மேசன் கூட்டித்தான் சொல்லியிருக்கிறார் என்று பையன்கள் ஆரவாரம்.

நான் ஒன்றும் சொல்லாமல் வெட்டுமுகம் கீறச் சொன்னேன். தகரக் கூரை. மழைநீர் ஓட வேண்டும், ஆகவே வீட்டுப் பக்கம் உயரம் 3 மீற்றர், வெளிப்பக்கம் 2.4. கோட்டை இழுத்ததும் பின்வாங்குப் பையன் கத்தினான்: "சைட் சுவர் ரெண்டும் சரிவு! மேல முக்கோணம் விட்டுப்போச்சு!" தளப்படத்தில் அந்த முக்கோணங்கள் இல்லை, இருக்கவும் முடியாது. இரண்டையும் சேர்க்க 17.19 சதுர மீற்றர், 215 கல். உடைவுக்கு நூற்றுக்கு ஐந்து கூட்டினால் 226.

மேசனின் 250 எப்படி வந்தது என்பதையும் தேடினார்கள். கதவு யன்னலைக் கழிக்காமல் முதற் பெருக்கத்தை மட்டும் எடுத்தால் 234. உடைவுக்குக் கொஞ்சம் போட்டால் 250 க்குக் கிட்ட வருகிறது. ஏமாற்று இல்லை, கைக்கணக்கு. அதைக் கண்டுபிடித்த பிறகு அவரைப் பற்றி ஒரு பிள்ளையும் இளக்காரமாகக் கதைக்கவில்லை.

பின்னேரம் மைதானத்தில் குசினியை முழு அளவில் நிலத்தில் குறித்தோம். நான்கு முளை, நூல். இரண்டு மூலைவிட்டமும் ஒரே நீளம் வரும்வரை முளையை நகர்த்த வேண்டும், 3.84 மீற்றர் வரவேண்டும். முதலில் ஒன்று 3.90, மற்றது 3.78. மூலைமட்டம் இல்லாமல், ரேப்பை மட்டும் வைத்து நான்கு மூலையையும் செங்கோணமாக்கினார்கள். பிறகு உள்ளே போய் நின்று, அடுப்பு எங்கே, பாத்திரம் கழுவும் இடம் எங்கே, இரண்டு பேர் விலகி நடக்கலாமா என்று பார்த்தார்கள். கதவு உட்பக்கம் திறந்தால் அடுப்பில் முட்டும் என்று தெரிந்தது. வெளிப்பக்கம் திறக்க மாற்றினோம்.

யூலை 17, புதன்

மேசனே பாடசாலைக்கு வந்தார். அந்தப் பிள்ளையின் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். பிள்ளைகள் படத்தை விரித்து வைக்க, அவர் கல் கணக்கை ஒருதரம் பார்த்துவிட்டு, "ஊர்க்கல் கூட உடையும், 235 எடுப்பம்" என்றார். உடைவுக்கு நூற்றுக்கு ஐந்து போதாது என்பதைப் பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். பிறகு அவர் வெட்டுமுகத்தில் விரலை வைத்துக் கேட்டார்: "தகரம் வீட்டுச் சுவரில முட்டுற இந்த இடத்தால தண்ணி உள்ளுக்கு இறங்குமே தம்பி, அதுக்கு என்ன போட்டிருக்கிறியள்?"

படத்தில் ஒன்றும் இல்லை. பின்வாங்குப் பையன் என்னைப் பார்த்தான், நான் மேசனைப் பார்த்தேன். சுவரில் ஒரு காடி வெட்டி, தகரப் பட்டியை அதற்குள் செருகி, கூரைமேல் மடித்துவிட்டுச் சாந்தால் அடைக்க வேண்டும் என்று அவர் கொப்பியின் ஓரத்திலேயே கீறிக் காட்டினார். நல்ல கை. அளவிடை இல்லை, ஆனால் அது ஒரு சரியான வெட்டுமுகம்.

நாளை அந்தச் சந்தியை மட்டும் 1:10 அளவிடையில் பெரிதாக்கிக் கீற வேண்டும். புகைபோக்கி எந்தப் பக்கம் வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன். காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கத்திலிருந்து அடிக்கிறது என்பதையும்.