வாய் திறந்தும் பேசாத டிரைவ்

சென்ற கோடை விடுமுறையில் என் பழைய கணினிக்குப் புதிய மதர்போர்டும், எம்.2 வகைச் சேமிப்பகமும் வாங்கிப் பொருத்தினேன். அதன் விரைவு கண்டு யான் அடைந்த களிப்பு ஒரு நாழிகையும் நிலைத்திலது, டி.வி.டி. டிரைவ் கணினியின் கண்ணுக்குத் தென்படவேயில்லை! காலஞ்சென்ற என் பாட்டியாரின் குரல் 2006-இல் பதிவுசெய்த ஒரேயொரு குறுந்தட்டில் உளது. அத்தகைய தட்டுக்களின் சாயப்பூச்சு ஆண்டுகள் செல்லச் செல்ல மங்குமாதலின், பிரதி எடுப்பதை இனியும் ஒத்திவைக்க மனமில்லை.

பொத்தானை அழுத்தியவுடன் தட்டம் வெளியே வந்தது; ஆகவே மின்சாரத்திற் குறையில்லை. பயாஸ் பட்டியலிலேயே பெயரில்லாமையால் விண்டோஸைக் குற்றஞ்சொல்லவும் வழியில்லை. சாட்டா வடத்தை மாற்றினேன், பயனில்லை. நாற்பது ஊசிகளுடைய பழைய ஐ.டி.இ. காலமாயின் 'மாஸ்டர்', 'ஸ்லேவ்' என்று ஜம்பரை மாற்றிவைத்தே பாதி நோயைத் தீர்த்துவிடலாம். சாட்டாவிலோ ஒரு வடத்திற்கு ஒரு கருவியே; அவ்வைத்தியம் ஈண்டுச் செல்லாது.

கடைக்காரர் புதியதொன்று வாங்குமாறு கூறினார். யானும் இசைந்திருப்பேன். அன்றிரவு, உறை பிரிக்காது கிடந்த கைப்புத்தகத்தைத் தற்செயலாய்ப் புரட்டினேன். எறும்பொத்த எழுத்தில் ஒரு குறிப்பு: எம்.2 வாயிலில் சாட்டா வகைச் சேமிப்பகம் இருப்பின் ஐந்தாஞ் சாட்டா வாயில் இயங்காது. இரண்டும் ஒரே பாதையைப் பங்கிடுவனவாம். யான் டிரைவை இணைத்திருந்ததும் அவ்வைந்தாம் வாயிலிலேயே!

மின்னை நிறுத்தி, வடத்தை இரண்டாம் வாயிலுக்கு மாற்றினேன். பட்டியலிற் பெயர் தோன்றிற்று. தட்டு சற்றுக் கரகரத்துச் சுழன்றபின், "ஏண்டா, இதுக்குள்ளேயா பேசணும்?" என்று பாட்டியார் கேட்டார்.