மெனில்மோந்தான் மேட்டில் ஒரு வகுப்பு

பாரிஸ் மாநகருக்குச் செல்வோர் ஈபெல் கோபுரத்தையும், சேன் ஆற்றின் பாலங்களையும், புகழ்பெற்ற பேராலயங்களையும் கண்டு களித்துத் திரும்புவது வழக்கம். சென்ற ஆண்டு வசந்த காலத்தில் அங்குச் சென்ற நான் முதலில் காண விரும்பியது ஒரு படிக்கட்டினை. நகரின் கிழக்கே, இருபதாம் வட்டாரத்தில், மெனில்மோந்தான், பெல்வில் என்னும் மேட்டுப் பகுதிகள் உள்ளன. அங்கே விலான் தெருவின் கோடியில் இருந்த அந்தப் படிக்கட்டு இடிக்கப்பட்டுப் பல்லாண்டுகள் ஆயின என்பதைச் சென்ற பின்னரே அறிந்தேன்.

என் தங்கை திருமணமாகிப் புதுச்சேரியிலிருந்து பாரிசில் குடியேறி நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. அவளுடைய மகள் அந்நகரின் நடுநிலைப் பள்ளி ஒன்றில் பிரெஞ்சு மொழியாசிரியை. நானோ நம் ஊரில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். "மாமா, என் மாணவர்களை அந்த மேட்டுக்குத்தான் வெள்ளிக்கிழமை அழைத்துச் செல்லப் போகிறேன். நீங்களும் வாருங்கள்" என்று அவள் கூறியபோது, மறுக்க மனம் வரவில்லை. அவள் சொல்லாவிடினும் நான் சென்றே இருப்பேன். அவ்விடத்திற்கும் எனக்கும் பழைய கணக்கு ஒன்று இருந்தது.

சிவப்புப் பலூன்

அக்கணக்கு ஒரு குறும்படத்தைப் பற்றியது. ஆல்பர் லாமொரிஸ் என்னும் பிரெஞ்சு இயக்குநர் 1956ஆம் ஆண்டு வெளியிட்ட 'சிவப்புப் பலூன்' என்பது அதன் பெயர். ஓடும் நேரம் 34 நிமிடங்கள். கதை மிக எளியது. பாஸ்கல் என்னும் சிறுவன் பள்ளிக்குச் செல்லும் வழியில், விளக்குக் கம்பத்தில் சிக்கிய சிவப்புப் பலூன் ஒன்றைக் காண்கிறான். கம்பத்தில் ஏறி அதனை விடுவிக்கிறான். அன்று முதல் அது நாய்க்குட்டி போல அவனைத் தொடர்கிறது. பேருந்தில் அதற்கு இடமில்லை. பள்ளியில் அதனால் அவனுக்குத் தண்டனை. ஞாயிறன்று ஆலயத்தினுள்ளும் அது பின்தொடர, அவன் வெளியேற்றப்படுகிறான். முடிவில் முரட்டுச் சிறுவர் கூட்டம் ஒன்று அவனைத் துரத்திப் பிடிக்கிறது. கவண்கற்கள் பாய்கின்றன. பலூன் மெல்லச் சுருங்கி மண்ணில் வீழ்கிறது. ஒருவன் அதனைக் காலால் மிதிக்கிறான். அக்கணமே பாரிஸ் நகரின் பலூன்கள் யாவும் தத்தம் கட்டுகளை அறுத்துக்கொண்டு பாஸ்கலிடம் பறந்து வந்து, அவனை வானில் தூக்கிச் செல்கின்றன.

சிறுவனாக நடித்தவன் இயக்குநரின் சொந்த மகன். படத்தில் உரையாடல் இல்லை என்றே கூறலாம். எனினும் 1957இல் அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசு அதற்குக் கிடைத்தபோது, திரைக்கதை எழுதியமைக்காகவே அது வழங்கப்பட்டது. பேச்சில்லாத படத்திற்கு எழுத்துக்குரிய பரிசு! எதை எப்போது காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று முடிவு செய்வதே எழுத்து என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

என் கணக்கு

1984ஆம் ஆண்டு, நான் பணியாற்றிய பள்ளிக்கு அருகில் இருந்த பங்கு மன்றத்தில் 16 மில்லிமீட்டர் படக்கருவி ஒன்று இருந்தது. பங்குத்தந்தை இப்படச்சுருளை நகரிலிருந்து இரவல் பெற்று வந்திருந்தார். வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டி, எட்டாம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்டினோம். விளக்கு எரிந்ததும் நான் எழுந்து, "இப்படம் புகட்டும் நீதி யாது?" என்று கேட்டேன். எந்தக் கதையைக் கற்பித்தாலும் என் முதற்கேள்வி அதுவே.

பின்வரிசையில் ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, அந்தப் பலூன்கள் எல்லாம் முன்னாலேயே ஏன் வரவில்லை?" என்றான்.

வகுப்பு சிரித்தது. நானும் புன்னகைத்து, "நான் கேட்டது அதுவன்று, உட்கார்" என்று கூறி, "நன்மைக்கு அழிவில்லை" என்ற வாக்கியத்தை எல்லாரும் எழுதிக்கொள்ளச் சொன்னேன். அவனும் எழுதிக்கொண்டான். அந்த ஆண்டு கோடையில் அவனுடைய தங்கை காய்ச்சலில் இறந்திருந்தாள் என்பதும், நகர மருத்துவமனைக்கு அவளைக் கொண்டு செல்ல ஒரு வண்டி கிடைக்கவில்லை என்பதும், அடக்கத்திற்கு ஊரே திரண்டு வந்தது என்பதும் சில வாரங்கள் கழித்தே எனக்குத் தெரிய வந்தன. அதன் பின் அவன் என் வகுப்பில் எதுவும் கேட்டதில்லை.

மேட்டின் மேல்

வெள்ளிக்கிழமை காலை, மெனில்மோந்தான் நிலையத்தில் இறங்கிச் சரிவான தெருவில் ஏறினோம். மாணவர்கள் இருபத்தேழு பேர். பதினொன்று, பன்னிரண்டு வயதினர். பிரெஞ்சுப் பள்ளிகளில் வகுப்பு எண்கள் இறங்குமுகமாகச் செல்வன; நடுநிலைப் பள்ளியின் முதல் ஆண்டை ஆறாம் வகுப்பு என்றும், நான்காம் ஆண்டை மூன்றாம் வகுப்பு என்றும் வழங்குகின்றனர். இவர்கள் ஆறாம் வகுப்பினர். ஆர்மீனியர், போலந்து யூதர், வட ஆப்பிரிக்கர், சீனர் எனப் பல நாட்டு மக்கள் வந்து குடியேறிய பகுதி அது. மாணவர் முகங்களிலும் அவ்வரலாறு தெரிந்தது.

முதலில் திருச்சிலுவை அன்னை ஆலயத்தை அடைந்தோம். உயர்ந்த படிகளின் மேல் எழுந்து நிற்கும் அப்பெரிய ஆலயம் படத்தில் வருகிறது. "படத்தில் கண்டவற்றுள் இங்கே எவை உள்ளன? எவை இல்லை?" என்பதே என் மருமகள் இட்ட பணி. பிள்ளைகள் படிகளையும் சுவரையும் கோபுரத்தையும் நோக்கி நோக்கிக் குறிப்பேட்டில் எழுதினர்.

பின்னர் பெல்வில் பூங்காவை அடைந்தோம். இங்கேதான் என் படிக்கட்டு இருந்திருக்க வேண்டும். சுகாதாரமற்ற பகுதி என்று அறிவிக்கப்பட்டுப் பழைய தெருக்கள் பலவும் இடிக்கப்பட்டன. அவ்விடத்தில் 1988இல் இப்பூங்கா திறக்கப்பட்டது. மேலே நின்றால் பாரிஸ் முழுவதும் தெரிகிறது. ஆனால் பாஸ்கல் ஓடிய சந்துகள் இல்லை. விலான் தெருவிலும் சிறு பகுதியே எஞ்சியுள்ளது.

அத்தெருவைப் பற்றி அவள் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொன்னாள். ஜார்ஜ் பெரெக் என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் 1936இல் பிறந்து, குழந்தைப் பருவத்தை அங்கே கழித்தவர். அவருடைய தாயார் 24ஆம் எண் வீட்டில் மகளிருக்கான முடிதிருத்தகம் நடத்தி வந்தார். தந்தை 1940இல் போரில் மாண்டார், யூதராகிய தாயார் 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டு செல்லப்பட்டார், திரும்பவில்லை. 1969 முதல் 1975 வரை பெரெக் அத்தெருவுக்கு மீண்டும் மீண்டும் சென்று, கண்ணில் பட்டதை மட்டும் எழுதினார்: இந்த எண் வீடு பூட்டிக் கிடக்கிறது, அந்த எண் வீட்டின் சன்னல்கள் அடைக்கப்பட்டுள்ளன என்று. தம் துயரத்தை அவர் விரித்துரைக்கவில்லை. அந்த வெறும் பட்டியலைப் படிப்போர் நெஞ்சே அதனை உணர்ந்துகொள்கிறது.

"முதலில் பார்ப்பது, பொருள் பிறகு தானே வரும், மாமா" என்று அவள் என்னிடம் தமிழில் சொன்னாள்.

மூன்று கேள்விகள்

பூங்காவின் படிகளில் பிள்ளைகளை அமர்த்தி அவள் நடத்திய பாடத்தை இங்கே குறிப்பது பயனுடையது. படத்தை அவர்கள் முந்தைய வாரமே இருமுறை பார்த்திருந்தனர். இரண்டாம் முறை ஒலியை நிறுத்திவிட்டு.

முதற்சுற்றின் கேள்வி: என்ன கண்டாய்? "இதன் பொருள் இது" என்று எவரும் சொல்லலாகாது. சாம்பல் நிறச் சுவர்கள், சாம்பல் நிறச் சட்டை, பூனை, கயிறு என்று கைகள் உயர்ந்தன. "மழையில் அவன் பலூனுக்குத்தான் குடை தேடுகிறான்" என்றாள் ஒரு சிறுமி. இரண்டாம் கேள்வி: எதனோடு எது பொருந்துகிறது? ஊர் முழுவதும் சாம்பல் நிறமாக இருப்பதால்தான் சிவப்பு அவ்வளவு சிவப்பாகத் தெரிகிறது என்று ஒருவன் கண்டுபிடித்தான். மூன்றாம் கேள்வி: எது காட்டப்படவில்லை? பாஸ்கலின் தந்தை வரவில்லை என்றும், பலூன் வரும்வரை அவனுக்கு நண்பன் ஒருவனையும் காணோம் என்றும் கூறினர். இதன் பின்னரே பொருளைப் பற்றிப் பேச அனுமதி. அப்போதும் எவர் எதைச் சொன்னாலும் அவள் சரி, தவறு என்று சொல்லவில்லை, "படத்தில் எங்கே கண்டாய்?" என்று மட்டும் கேட்டாள். பலூன் ஒரு பேய் என்றான் ஒருவன். எங்கே கண்டாய் என்றதும் சிறிது யோசித்து, தானே அதனைக் கைவிட்டான்.

இம்முறை அந்நாட்டில் ஓரிருவரின் தனி முயற்சி அன்று. 'திரையரங்கில் நடுநிலைப் பள்ளி' என்று பொருள்படும் பெயருடைய அரசுத் திட்டம் ஒன்று 1989 முதல் நடைபெறுகிறது. பங்குகொள்ளும் வகுப்பினர் பள்ளி நேரத்திலேயே திரையரங்கிற்குச் சென்று ஆண்டுக்கு மூன்று படங்களேனும் காண்கின்றனர். பின்னர் வகுப்பில் அவற்றை ஆய்கின்றனர்.

பிற்பகல் வகுப்பறையில் திரைக்குப் பதிலாக ஏடு வந்தது. மோப்பசான் 1883இல் எழுதிய கயிற்றுத் துண்டைப் பற்றிய சிறுகதை அது. நார்மண்டிச் சந்தையில் சிக்கனக்காரக் குடியானவர் ஒருவர் தரையில் கிடந்த சிறு கயிற்றைக் குனிந்து எடுக்கிறார். பகைவன் பார்த்துவிட்டதால் வெட்கி அதனை மறைத்து, வேறெதையோ தேடுவதுபோல் நடிக்கிறார். அன்று 500 பிராங்க் அடங்கிய பணப்பை ஒன்று காணாமற்போக, பழி அவர் மேல் விழுகிறது. பை மறுநாளே கிடைத்துவிட்டபோதிலும் ஊர் அவரை நம்பவில்லை. தம் நேர்மையைச் சொல்லிச் சொல்லியே அவர் நலிந்து இறக்கிறார். மேட்டில் கேட்ட அதே மூன்று கேள்விகள் இங்கும் எழுந்தன. "அவர் நடித்திருக்காவிட்டால் பகைவனுக்குச் சொல்ல ஒன்றும் இருந்திராது" என்று ஒரு சிறுவன், கதையின் அந்த வரியை விரலால் தொட்டுக் காட்டியபோது நான் வியந்தேன். கண்ணுக்குப் பழக்கமான தேடலை அவன் எழுத்துக்கும் கொண்டு வந்துவிட்டான்.

என் வியப்பில் வெட்கமும் கலந்திருந்தது. நிலமும் பொழுதும் முதற்பொருள்; அவற்றைச் சார்ந்த மாவும் புள்ளும் மரமும் பிறவும் கருப்பொருள்; மாந்தர் ஒழுக்கம் உரிப்பொருள் என்று தொல்காப்பியம் நமக்கு வகுத்துத் தந்துள்ளது. புறத்தே தோன்றும் பொருளைக் காட்டி அகத்தே உள்ளதை உணர்த்துவதற்கு உள்ளுறை என்று பெயரும் இட்டுள்ளது. சிரிப்பும் அழுகையும் அச்சமும் உடலில் வெளிப்படுவதை எண்வகை மெய்ப்பாடாக்கித் தந்துள்ளது. பேச்சில்லாத படம் ஒன்றைப் படித்தறிய இவற்றினும் சிறந்த கருவிகள் எவை? முப்பத்து நான்கு ஆண்டுகள் நான் இவற்றைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்வித்தேன். ஒருநாளேனும் அவற்றைக் கொண்டு ஒரு கதையைப் பார்க்கச் செய்தேனில்லை. கருப்பொருளைக் காணும் முன்னரே உரிப்பொருளைக் கரும்பலகையில் எழுதி முடித்துவிடுவேன்.

நாற்பது ஆண்டுக்குப் பின்

வகுப்பு முடியப் பத்து நிமிடங்கள் இருந்தன. "மாமா, நீங்கள் ஏதேனும் கேளுங்கள், நான் மொழிபெயர்க்கிறேன்" என்றாள். நான் எழுந்து, என் மாணவன் கேட்டதையே கேட்டேன்: "அந்தப் பலூன்கள் எல்லாம் முன்னாலேயே ஏன் வரவில்லை?"

இங்கே எவரும் சிரிக்கவில்லை. "முன்னாலேயே வந்திருந்தால் அவன் தனியாக இருந்தது நமக்குத் தெரிந்திருக்காது" என்றான் ஒருவன். "ஒன்று வீழ்ந்த பிறகே மற்றவற்றுக்குத் தெரிந்தது" என்றாள் மற்றொருத்தி. சன்னலோரம் இருந்த ஒரு சிறுமி நெடுநேரம் யோசித்துக் கை உயர்த்தினாள். "வந்த பலூன்கள் பாஸ்கலுக்காக வந்தன. அந்தப் பலூனுக்காக எவையும் வரவில்லை. அது தரையிலேயே கிடந்தது."

"எங்கே கண்டாய்?" என்று என் மருமகள் கேட்டாள்.

"கடைசியில் வந்தவற்றில் சிவப்பும் இருந்தது. ஆனால் அது இவனுடையது அன்று."

நான் பதில் ஒன்றும் சொல்லாமல் அமர்ந்தேன். என் மாணவன் 1984இல் கண்டது இதுவே. ஊர் திரண்டு வந்தது, தங்கை வரவில்லை. அவன் படத்தை எங்களெல்லாரினும் நன்றாகப் பார்த்திருந்தான். நன்மைக்கு அழிவில்லை என்பது பொய்யன்று. ஆனால் அதனைச் சொல்லும் முன், தரையில் கிடப்பதை அவனோடு சிறிது நேரம் நான் பார்த்திருக்க வேண்டும்.

இதனைப் படிக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு வேண்டுகோள். இன்று குறும்படங்கள் கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. வேட்டியைத் திரையாகக் கட்ட வேண்டியதில்லை. நல்ல படம் ஒன்றை, நல்ல கதை ஒன்றைப் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள், படியுங்கள். முடிந்ததும் நீதியைக் கேளாதீர்கள். "என்ன கண்டாய்?" என்று கேளுங்கள். விடை வரும்வரை காத்திருங்கள். பிள்ளை திருப்பிக் கேள்வி கேட்டால், அது எங்கிருந்து வருகிறது என்று பொறுமையாகக் கவனியுங்கள்.

அந்த மாணவர் இன்று ஐம்பது வயதைக் கடந்திருப்பார். அவர் எவ்வூரில் இருப்பினும், இவ்விதழ் அவர் இல்லத்திற்கு வருமாயின், பழைய ஆசிரியனின் இவ்வொரு சொல்லை ஏற்றுக்கொள்ள வேண்டுகிறேன்: தம்பி, அன்று நீ கேட்டதே சரியான கேள்வி.