ஒரு போட்டோ, ஒன்பது பிள்ளைகள்... பஞ்சாலைப் பாட்டிகளைத் தேடும் பேரப்பிள்ளைகள்!

1909-ம் ஆண்டு, ஜனவரி 22. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்கிற சிற்றூர். ஓர் அம்மாவும் அவருடைய ஒன்பது பிள்ளைகளும் கேமரா முன்னால் நிற்கிறார்கள்.

படம் எடுத்தவர் லூயிஸ் ஹைன். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டுவிட்டு, குழந்தைத் தொழிலாளர் முறையை எதிர்த்த ஓர் அமைப்புக்காக ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தவர். கேமராவோடு வந்தால் மில்லுக்குள் விடுவார்களா? பைபிள் விற்பவர், போஸ்ட்கார்டு விற்பவர் என்று வேஷம் போட்டு நுழைவார். தன் கோட்டு பட்டன்களை வைத்தே குழந்தைகளின் உயரத்தை அளப்பார். பாக்கெட்டுக்குள் கையை விட்டபடியே நோட்டில் குறித்துக்கொள்வார்.

டிஃப்டன் படத்துக்கும் ஒரு குறிப்பு எழுதினார். கணவர் இறந்துவிட்டார். பதினோரு பிள்ளைகள். இரண்டு பேர் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். இரண்டு வருடங்களுக்கு முன்பு விவசாயத்தை விட்டுவிட்டு மில்லுக்கு வந்த குடும்பம். அம்மாவுக்கு வாரம் நாலரை டாலர் கூலி. வேலைக்குப் போகும் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்து இன்னொரு நாலரை டாலர். கடைசி நான்கு பேர் இன்னும் வேலைக்குப் போகவில்லை. 'இன்னும்' என்று அவர் போட்ட அந்த ஒரு வார்த்தையைக் கடந்து போவது கஷ்டம்.

இந்தக் குடும்பத்துக்கு ஒரு ஹைன் கிடைத்தார். தென் மாநிலங்களின் மற்ற லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு?

பணக்காரத் தாத்தாவைக் கண்டுபிடிப்பது எளிது. பத்திரம் இருக்கும், உயில் இருக்கும், கோர்ட் வழக்குகூட இருக்கும். வாரத்துக்கு உழுதவரிடம் என்ன இருக்கும்? நிலம் இல்லை, அதனால் பத்திரம் இல்லை. விட்டுப்போக எதுவும் இல்லை, அதனால் உயில் இல்லை. விளைந்த பருத்தியில் பாதி நிலக்காரருக்கு. மீதிப் பாதியில் விதை, உரம், மளிகை என்று வருடம் முழுக்க வாங்கிய பற்றைக் கழித்தால், பல வருடங்களில் கையில் நிற்பது கடன்தான். அறுவடை முடிந்ததும் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு வேறொரு நிலக்காரரிடம் போவார்கள். போன வருடம் இருந்த வீட்டில் இந்த வருடம் இருக்கமாட்டார்கள்.

அதனால் தேடுகிறவர்கள் நம்புவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத்தான். பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுப்பார்கள். 72 வருடங்கள் பூட்டி வைத்திருந்து பிறகு திறப்பார்கள். 1950-ம் வருடக் கணக்கு 2022 ஏப்ரலில்தான் திறந்தது. இதிலும் ஒரு சோகம் உண்டு. 1921-ல் வாஷிங்டனில் ஒரு தீ விபத்து. 1890-ம் வருடக் கணக்கு ஏறக்குறைய முழுவதும் அழிந்துபோனது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே இருபது வருடங்கள் ஓட்டை. பல குடும்பங்கள் வயலை விட்டு மில்லுக்கு நகரத் தொடங்கியதும் அந்த வருடங்களில்தான். 1881-ல் பிறந்து 1899-ல் கல்யாணமாகிப் போன பெண், பிறந்த வீட்டுப் பெயரோடு, மிச்சமிருக்கும் எந்தக் கணக்கிலும் அநேகமாக இல்லை. கொள்ளுப்பாட்டியின் அப்பா யார் என்று கேட்கும் பேத்தி முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான்.

1900, 1910 கணக்குகளில் பெண்களுக்கென்று இரண்டு கட்டங்கள் உண்டு. எத்தனை பிள்ளைகள் பெற்றாய்? எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள்? ஒன்பது, ஐந்து என்று எழுதியிருந்தால் நடுவே நான்கு பேர். பல இடங்களில் அந்த நான்கு பேருக்கும் பெயர் இல்லை, கல்லறைக் கல் இல்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை. வட கரோலினாவில் பிறப்பு, இறப்பை மாநிலம் முழுக்கப் பதிவு செய்யத் தொடங்கியதே 1913-ல்தான். தெற்கு கரோலினாவில் 1915, ஜார்ஜியாவில் 1919. அந்த அம்மா, வாசலில் நின்ற ஓர் அந்நியரிடம் சொன்ன எண்தான் அவர்கள் இருந்ததற்கு மிச்சமிருக்கும் ஒரே அடையாளம்.

பிற்கால இறப்புச் சான்றிதழ்களில் 'பெல்லாக்ரா' என்றொரு வார்த்தை வரும். மக்காச்சோள மாவு, பன்றிக்கொழுப்பு, சர்க்கரைப்பாகு என்று தினமும் அதையே தின்றவர்களுக்கு வந்த சத்துக்குறைவு நோய். அது தொற்றுநோய் இல்லை, சாப்பாட்டுக் குறை என்று டாக்டர் ஜோசஃப் கோல்ட்பெர்கர் நிரூபித்தும் பலர் ஏற்கவில்லை. ஊர்ப் பெருமைக்குக் கேடாம்!

கறுப்பினக் குடும்பங்களின் தேடல் இதைவிடக் கடினம். 1850, 1860-ம் வருட அடிமைப் பட்டியல்களில் முதலாளியின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான். விடுதலையான பிறகு, 1870-ல்தான் அவர்கள் பெயரோடு எழுதப்பட்டார்கள். மில்லிலும் 1960-கள் வரை அவர்களுக்கு நூற்கும், நெய்யும் வேலை கிடையாது. பெருக்குவதும் மூட்டை தூக்குவதும்தான்.

ஆவணம் இல்லாதது பாதிப் பிரச்னை. பேசாமல் இருந்தது மீதி. தலையில் பஞ்சு ஒட்டியிருந்ததால் மில் தொழிலாளர்களை 'பஞ்சுத்தலை' என்று டவுன்காரர்கள் கேலி செய்தார்கள். அந்தக் கூச்சத்தைப் பிள்ளைகளிடம் சொல்ல யாருக்கு மனசு வரும்?

கூச்சத்தோடு பயமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு தெற்கு கரோலினாவின் ஹனியா பாத் சாட்சி. 1934 செப்டம்பர் 6. நாடு முழுக்கப் பஞ்சாலை ஸ்டிரைக். சிக்கோலா மில் வாசலில் துப்பாக்கிச்சூடு நடந்து ஏழு தொழிலாளர்கள் இறந்தார்கள். குடியிருந்த வீடு மில்லுக்குச் சொந்தம், வேலையும் மில்லுடையது. ஊரில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. அப்பாவை ஏன் சுட்டார்கள் என்று தெரியாமலேயே பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

அதே ஊரில் பிறந்து பத்திரிகையாளரான ஃப்ராங்க் பீச்சமுக்கும் இது தெரியாது. நடுத்தர வயதில்தான் தெரிந்தது. ஸ்டிரைக் சமயத்தில் மில்லின் சூப்பரின்டெண்டென்ட்டும், ஊர் மேயரும் ஒரே ஆள். ஃப்ராங்கின் தாத்தா. தொழிலாளர்களுக்கு எதிராகத் துப்பாக்கி ஆட்களைத் திரட்டியதும் அவர்தான். வேர் தேடிப் போகிறவர்கள் எல்லோருக்கும் பெருமையே கிடைப்பதில்லை. அவர் அதை மறைக்காமல் எழுதினார்.

1995-ல் ஹனியா பாத்தில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள். சுடப்பட்டு 61 வருடங்கள் கழித்து, ஏழு பேரின் பெயர்களும் அதில் ஏறின.