மணிக்கூட்டுக்கு ஒரு தேர்ச்சி அறிக்கை

கிராமத்துப் பாடசாலையில் படிப்பிக்கும் ஒருவனுக்கு மணிக்கூடு ஆபரணமல்ல. வெண்கட்டியைப் போல, வரவு இடாப்பைப் போல அதுவும் ஒரு கருவி. பாடவேளை நாற்பது நிமிடம். மணியடிப்பவர் மறந்தாலும் ஆசிரியரின் கை மறக்கக் கூடாது. ஆசிரியர் கலாசாலையை விட்டு வெளியேறிய காலத்தில் வாங்கிய கசியோ மணிக்கூடு ஒன்று ஏறத்தாழ இருபது வருடங்கள் எனக்கு அந்தக் கடமையைச் செய்தது. இரண்டொரு தடவை பற்றரி மாற்றியிருப்பேன், சில தடவை பட்டி மாற்றியிருப்பேன். நேரத்தைத் தவிர அதனிடம் நான் வேறெதையும் கேட்டதில்லை.

அது ஓய்வுபெற்றபோதுதான் ஸ்மார்ட் மணிக்கூடு என்ற பேச்சு எழுந்தது.

"இந்தக் காலத்துல ஆரு சேர் நேரம் மட்டும் காட்டுற மணிக்கூடு கட்டுற?" என்றார் எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த இளம் ஆசிரியர். அவர் பகிடியாகத்தான் கேட்டார். ஆனால் என் வாப்பா மாரடைப்பில் மௌத்தானவர். நாற்பதைத் தாண்டிய மகனுக்குத் தன் நாடித் துடிப்பை அறிந்துகொள்ளும் ஆசை வருவது இயல்புதானே.

கடைக்குப் போகுமுன் கொப்பித் தாளொன்றில் என்னுடைய ஒரு நாளை எழுதிப் பார்த்தேன். சுபஹுக்கு எழும்புகிறேன். ஐந்து வேளையும் வுழூச் செய்கிறேன். உச்சி வெயிலில் மைதானத்தில் நிற்கிறேன். வகுப்பறையில் தொலைபேசியைக் கையில் எடுப்பதில்லை. எனக்குரிய மணிக்கூட்டைத் தெரிவுசெய்து தந்தவை இந்த நான்கு வரிகளே எனலாம்.

கடைக்காரர் காட்டிய பெட்டிகளில் '5 ஏடிஎம்' என்று எழுதியிருந்தது. 50 மீற்றர் ஆழத்தில் அசையாது நிற்கும் நீரின் அழுத்தத்தைத் தாங்கும் என்பதே அதன் பொருள். அதைக் கட்டிக்கொண்டு 50 மீற்றர் சுழியோடலாம் என்று விளங்கிக்கொள்ளக் கூடாது. சவர்க்காரமும் வெந்நீரும் வருடங்களும் உள்ளிருக்கும் இறப்பர் வளையத்தை மெல்ல மெல்லத் தளர்த்திவிடும். எங்களுக்கோ அதைவிட முக்கியமான சங்கதி பட்டிதான். வுழூவின்போது பட்டிக்குக் கீழுள்ள தோலுக்கும் தண்ணீர் போய்ச் சேர வேண்டும். நாளைக்கு ஐந்து தடவை கழற்றிப் பூட்ட வேண்டிய பொருளுக்கு வில்லங்கமான பூட்டு சரிவராது. ஆகவே பட்டியை முதலில் பார்த்தேன். திரையைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அடுத்தது பற்றரி. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்த இருட்டை அனுபவித்தவன் ஒவ்வோர் இரவும் மின்னேற்ற வேண்டிய பொருளைக் கையில் கட்ட யோசிப்பான். அப்பிள் நிறுவனத்தின் முதலாவது மணிக்கூடு 2015இல் வந்தபோது அதன் பற்றரிக்குச் சொல்லப்பட்ட ஆயுள் 18 மணித்தியாலம். தவிர, ஐபோன் இல்லாதவனுக்கு அப்பிள் மணிக்கூட்டால் பயனில்லை. சாம்சுங் 2021 முதல் வெளியிட்டுவரும் மணிக்கூடுகளோ அன்ட்ரொயிட் தொலைபேசிகளுடன் மட்டுமே சேரும். எனது தொலைபேசி சாதாரணமானது. அதனுடன் ஒத்துப்போகும், ஒரு தடவை மின்னேற்றினால் ஒரு கிழமையைத் தாண்டும் எளிய மணிக்கூடு ஒன்றைச் சம்பளத்தில் ஆறிலொரு பங்கைக் கொடுத்து வாங்கினேன்.

அதனுடன் ஒன்றரை வருடம் வாழ்ந்தாயிற்று. ஆசிரியப் பழக்கம் விடுமா? சாதாரண தரப் பரீட்சைப் பெறுபேற்றைப் போல பாடவாரியாக அதற்குச் சித்தி வழங்கியிருக்கிறேன்.

நேரத்துக்கு ஏ சித்தி. உள்ளிருக்கும் குவாட்ஸ் பளிங்கு செக்கனுக்கு 32,768 தடவை அதிர்கிறது. இந்த எண்ணை இரண்டால் பதினைந்து தடவை வகுத்துக்கொண்டே போனால் ஒன்று வரும், அதுவே ஒரு செக்கன். இதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் செய்து காட்டியபோது அவர்கள் வாய்பிளந்து பார்த்தார்கள். போதாக்குறைக்குத் தொலைபேசியும் நேரத்தைத் திருத்திக்கொடுக்கிறது. 1996இல் நாட்டின் நேரத்தை முன்னே தள்ளி, 2006இல் பழையபடி திருப்பிவைத்தபோது வீட்டுக்கு வீடு முள்ளைத் திருப்பியது நினைவிருக்கும். இனி அந்தச் சிரமம் இல்லை.

அறிவித்தல்களுக்கு பி சித்தி. சத்தமில்லாமல் மணிக்கட்டில் அதிர்வது வகுப்பறைக்கும் பள்ளிவாசலுக்கும் ஏற்ற பண்பு. ஆனால் குடும்பத்து வட்ஸ்அப் குழுக்கள் யாவற்றையும் அதிர விட்டால் ஒரு ரக்அத் கூட ஓர்மையாகத் தொழ முடியாது. வீட்டிலிருந்தும் அதிபரிடமிருந்தும் வரும் அழைப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனையவற்றை நிறுத்திவிட்டேன். வாங்குபவர்கள் முதலாம் நாளே செய்ய வேண்டிய வேலை இது.

நாடித் துடிப்புக்கும் பி. அடியிலுள்ள பச்சை ஒளியைக் குருதி உறிஞ்சுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் திரும்பிவரும் ஒளி கூடிக் குறைகிறது, அந்த ஏற்ற இறக்கத்தை மணிக்கூடு எண்ணுகிறது. அமர்ந்திருக்கும்போது விரல் வைத்து எண்ணிப் பார்த்தேன், ஒன்றிரண்டுக்குள் சரியாக இருந்தது. மண்வெட்டி பிடித்தாலோ பட்டி தளர்ந்தாலோ தடுமாறுகிறது.

காலடிகளுக்கு சி. அது கையின் அசைவை எண்ணும் கருவி. கரும்பலகையில் எழுதினால் சில அடிகள் கூடுகின்றன. சைக்கிளில் பிடியைப் பற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போனால், வியர்வை வழிந்தாலும் அது கணக்கில் வருவதில்லை. 'நாளைக்கு பத்தாயிரம் அடி' என்று அது வற்புறுத்துவதும் வேடிக்கையே. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடியெண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பிரபலமானது. 'மன்போ கேய்', அதாவது பத்தாயிரம் அடி மானி.

உறக்கத்துக்கு எஸ். ஆழ்ந்த உறக்கம் எது, கனவு உறக்கம் எது என்று நிச்சயிக்க வைத்தியசாலையில் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்கிறார்கள். இதுவோ அசைவையும் நாடியையும் வைத்து ஊகிக்கிறது. ஸஹருக்கு எழும்பிய நாட்களில் எல்லாம் 'உங்கள் உறக்கம் மோசம்' என்று கண்டிக்கிறது. அந்தக் கண்டனத்தை நான் பொருட்படுத்துவதில்லை.

எனது மணிக்கூட்டில் சீனி அளக்கும் வசதி கிடையாது. அந்தப் பாடத்தைப் பற்றி ராத்தாவின் மணிக்கூட்டைக் கொண்டுதான் எழுத வேண்டியிருக்கிறது.

ராத்தாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சீனி வருத்தம். விரலில் குத்திப் பார்ப்பதென்றால் அவருக்குப் பிடிக்காது. ஸ்ட்ரிப் விலையும் ஏறிவிட்டிருந்தது. கட்டாரில் வேலை செய்யும் அவருடைய மகன் பாசத்தோடு ஒரு மணிக்கூடு அனுப்பினான். பிரஷர், சீனி எல்லாம் குத்தாமலே காட்டுமாம். அன்றிலிருந்து குளுக்கோமீற்றர் அலுமாரிக்குள் போய்விட்டது.

ஒரு றமழானில் அஸருக்குப் பிறகு ராத்தாவைப் பார்க்கப் போனேன். முகமெல்லாம் வியர்த்து, விரல்கள் நடுங்க, கட்டிலில் சாய்ந்திருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சுணங்கி வந்தது.

"ஒண்டுமில்ல தம்பி, கொஞ்சம் களைப்பு. இஞ்ச பாரு, நூத்தி நாலு எண்டு காட்டுது. நல்லாத்தானே இரிக்கி."

நான் அலுமாரியைத் திறந்து கருவியை எடுத்துக் குத்தினேன். 54 என்று காட்டியது. நீரிழிவும் றமழானும் பற்றிய சர்வதேச வழிகாட்டல் 70க்குக் குறைந்தாலோ 300ஐத் தாண்டினாலோ உடனே நோன்பைத் திறக்கும்படி சொல்கிறது. சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்தேன். குடிக்க மறுத்தார். மஃரிபுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம்தான் என்றார்.

"ராத்தா, நோன்பைக் கழாச் செய்யலாம். உங்கள எப்பிடிக் கழாச் செய்யுற?" என்றேன். அழுதுகொண்டே குடித்தார். கால் மணித்தியாலத்தில் மீண்டும் குத்திப் பார்த்தபோது 82.

பெருநாள் கழிந்த பிறகு அந்த மணிக்கூட்டை வாங்கிவந்து வகுப்பில் ஒரு வாழைப்பழத்தில் கட்டினேன். நாடி 76 என்றது. சீனி 101 என்றது. "சேர், பழத்துக்கு உசிரிரிக்கி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். நியாயத்துக்காக எனது மணிக்கூட்டையும் கட்டினேன். அதுவும் சற்றுத் தடுமாறிவிட்டு 68 என்றது. திரும்பிவரும் ஒளியில் எதையாவது ஒரு தாளமாகக் கண்டுபிடிக்கவே அது பழக்கப்பட்டிருக்கிறது. கை உயிருள்ளதாக இருக்கும்வரை அந்தத் தாளம் உண்மையானது. சீனிக்கோ அப்படி ஒரு தாளமே இல்லை. தோலைக் குத்தாமல் தானாகவே குருதிச் சீனியை அளக்கும் எந்த மணிக்கூட்டுக்கும் மோதிரத்துக்கும் தாம் அனுமதி வழங்கவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பெப்ரவரியில் எச்சரித்திருந்தது. மேற்கையில் சிறு உணரியைத் தோலுக்குள் செலுத்தி, அது அளப்பதை மணிக்கூட்டில் காட்டும் முறை வேறு. அங்கே அளப்பது உணரி, மணிக்கூடு வெறும் பலகை.

ஆகவே சீனிக்கு டபிள்யூ. மீளத் தோற்ற இடமில்லை.

வாங்கப் போகும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெட்டியில் எழுதியிருப்பதை வாசிக்குமுன் உங்கள் நாளை எழுதுங்கள். ஒரே திரையில், ஒரே எழுத்தில் தெரிவதால் எல்லா எண்களும் ஒரே தரத்தன அல்ல. நேரத்தை நம்பும் அளவுக்கு நாடியை, நாடியை நம்பும் அளவுக்கு உறக்கத்தை நம்பிவிடாதீர்கள். உயிரோடு சம்பந்தப்பட்ட எண்ணை அதற்குரிய கருவியிடமே கேளுங்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்பதை வீட்டிலுள்ள மூத்தவர்களுக்கு றமழானுக்கு முன்பே எடுத்துச் சொல்லுங்கள்.

ராத்தா அந்த மணிக்கூட்டை இன்னும் கட்டியிருக்கிறார், மகன் அனுப்பியதல்லவா. நேரம் சரியாகத்தான் காட்டுகிறது. அவன் இப்போது ஸ்ட்ரிப் வாங்கவும் மாதாமாதம் காசு அனுப்புகிறான்.